திருமணத்திற்கு வசந்தகால மலர்களைத் தேர்ந்தெடுப்பது எப்படி? புதியவர்களுக்கான செய்முறை விளக்கம்

வசந்தகாலத் திருமணத்திற்குப் பூக்களைத் தேடத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் நிறத்திலிருந்தே தொடங்குகிறார்கள். கண்ணுக்குப் பிடித்த ஒரு படத்தைக் காட்டி, இதே பூ வேண்டும் என்கிறார்கள். அந்தப் பூ திருமண வாரத்தில் பூக்குமா, காலையில் கட்டினால் மாலை வரை தலை சாயாமல் நிற்குமா என்ற கேள்விகள் பிறகுதான் எழுகின்றன. இந்த வரிசையைத் திருப்பிப் போடுவதே நல்லது. முதலில் தேதி, அடுத்து பூவின் தாங்குதிறன், கடைசியில் நிறம் என்று வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தானாகவே தீர்ந்துவிடும்.

முதல் படி: தேதியை வைத்துப் பட்டியல் போடுதல்

வடகோளத்தில் மார்ச் முதல் மே வரையிலும், தென்கோளத்தில் செப்டம்பர் முதல் நவம்பர் வரையிலும் வசந்தம் நீடிக்கிறது. ஆனால் இந்த மூன்று மாதங்களில் எல்லாப் பூக்களும் ஒன்றாகக் கிடைப்பதில்லை. தொடக்கத்தில் டாஃபோடில், ஹையசிந்த், அனிமோனி ஆகியவை வரும். நடுவில் டூலிப், ரனங்குலஸ், செர்ரிப் பூங்கிளைகள் வரும். லைலாக், லில்லி ஆஃப் தி வேலி, பியோனி ஆகியவை பருவம் முடியப்போகும் நேரத்தில்தான் தலைகாட்டும். குளிர் நீடித்தாலோ வெயில் முந்தினாலோ இந்த வரிசை முன்பின்னாக நகரும் என்பதால், விரும்பும் ஒவ்வொரு பூவின் பக்கத்திலும் ஒரு மாற்றுப் பூவை எழுதி வையுங்கள். பருவத் தொடக்கத்தில் திருமணம், மணமகளுக்கோ பியோனிதான் வேண்டும் என்றால், அடுக்கிதழ் டூலிப்போ நன்கு விரிந்த ரனங்குலஸோ அந்த இடத்தைக் கௌரவமாக நிரப்பும். எங்கிருந்தோ வரவழைத்த களைத்துப்போன பியோனியைவிட அது மேல் என்பது என் கருத்து.

பருவப் பூக்கள் என்றாலே எளிமையாகிவிடுமோ என்று தயங்குபவர்களுக்கு ஓர் எடுத்துக்காட்டைச் சொல்லலாம். 2011 ஏப்ரல் 29 அன்று இளவரசர் வில்லியமை மணந்த கேத்தரின் மிடில்டனின் கைப்பூங்கொத்தில் லில்லி ஆஃப் தி வேலி, ஹையசிந்த், ஸ்வீட் வில்லியம் ஆகிய பூக்களும் மிர்ட்டில், ஐவி இலைகளுமே இருந்தன.

இரண்டாம் படி: பூ எங்கே நிற்கப்போகிறது என்று பிரித்தல்

மேசைக் குவளையில் இருக்கும் பூவுக்குத் தண்ணீர் கிடைக்கும். கைப்பூங்கொத்தும் தலையில் சூடும் பூவும் சட்டையில் குத்தும் பூவும் பல மணி நேரம் தண்ணீரின்றியே இருக்க வேண்டும். ஆகவே தாளில் இரண்டு பத்திகள் வரைந்து, தண்ணீரில் நிற்பவை, தண்ணீரின்றி நிற்பவை என்று பட்டியலைப் பிரித்துவிடுங்கள். லைலாக் முதல் பத்தியில் மட்டுமே இருக்க வேண்டிய பூ. ரனங்குலஸ் இரண்டு பத்திகளிலும் இடம்பெறலாம். ஹையசிந்த் தண்டிலிருந்து தனித்தனிச் சிறு பூக்களைப் பிரித்தெடுத்து மெல்லிய கம்பியில் கோத்தால், சட்டையில் குத்துவதற்கு அளவாக இருக்கும்.

மூன்றாம் படி: ஒவ்வொரு பூவின் குணத்தையும் தெரிந்துகொள்ளுதல்

அவசரப்படாமல் செய்ய வேண்டிய படி இதுதான். டூலிப், வெட்டிய பிறகும் வளரும். குவளையில் வைத்த தண்டு சில சென்டிமீட்டர் நீண்டு, வெளிச்சம் வரும் பக்கம் வளையும். சூட்டில் இதழ்கள் அகல விரியும், குளிரில் மூடிக்கொள்ளும். முந்தைய நாள் ஒரே மட்டமாக அடுக்கிய அலங்காரத்தில் மறுநாள் டூலிப்கள் மட்டும் தலை நீட்டி நிற்பது இதனால்தான். அவற்றைச் சற்றுத் தாழ்வாக வைத்துக் கட்டுவதே வழி.

டாஃபோடிலின் தண்டை வெட்டியதும் வெட்டுவாயிலிருந்து கொழகொழப்பான சாறு வடியும். அது கலந்த தண்ணீரில் மற்றப் பூக்கள், குறிப்பாக டூலிப், சீக்கிரம் வாடிவிடும். எனவே டாஃபோடிலைத் தனி வாளியில் ஓர் இரவு நிற்கவைத்து, பிறகு தண்டை மறுபடியும் வெட்டாமல் மற்றவற்றோடு சேர்க்க வேண்டும்; மறுபடி வெட்டினால் சாறு மறுபடி வரும். அந்தச் சாறு சிலருக்குத் தோலில் அரிப்பையும் உண்டாக்கும் என்பதால் கையுறை அணிவது நல்லது.

ரனங்குலஸின் தண்டு உள்ளே குழல்போல் வெறுமையாக இருக்கும். பிடித்த பிடியில் அது நசுங்கிவிட்டால் பூவுக்குத் தண்ணீர் ஏறாது. ஆழமான தண்ணீரில் நிறுத்தினால் தண்டு அழுகத் தொடங்கும். ஆகவே குறைந்த அளவு தண்ணீரே போதும். அனிமோனி இதற்கு நேர்மாறாகத் தண்ணீரை நிறையக் குடிக்கும். பகலில் விரிந்து இரவில் மூடும் பூ என்பதால், மாலை விழாவுக்கு அதை நம்பியிருக்க வேண்டாம். அதன் நடுவிலுள்ள கருமையான மகரந்தம் வெள்ளை உடையில் உதிரக்கூடும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

பியோனியை மொட்டாகவே வாங்க வேண்டும், ஆனால் எந்த மொட்டு என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. நிறம் வெளியே தெரியத் தொடங்கிய மொட்டை இரு விரல்களால் மெல்ல அழுத்திப் பாருங்கள். கோலிக்குண்டு போல இறுகியிருந்தால் அது விரியாமலே போய்விடலாம். சற்று அமுங்கிக்கொடுத்தால் ஓரிரு நாளில் மலர்ந்துவிடும். லைலாக்கின் தண்டு மரத்தன்மை கொண்டது. அடியில் நெடுக்காகக் கீறிவிட்டு, இலைகளில் பெரும்பாலானவற்றைக் கிள்ளி எறிந்தால்தான் தண்ணீர் பூவரை ஏறும்.

லில்லி ஆஃப் தி வேலி அழகும் மணமும் நிறைந்தது. ஆயினும் அதன் எல்லாப் பாகங்களும் நச்சுத்தன்மை கொண்டவை. கேக்கின் மேலோ சிறுவர்களின் கையிலோ அதை வைக்கக் கூடாது. டாஃபோடிலும் நச்சுப் பூவே.

நான்காம் படி: நிறமும் மணமும்

மங்கிய விளக்கொளியில் அடர் ஊதாவும் கருநீலமும் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். மஞ்சள் வெளிச்சத்தில் தூய வெள்ளையும் பாலேட்டு நிறமாகத் தோன்றும். திருமணம் நடக்கும் நேரத்தில், அதே மண்டபத்தின் வெளிச்சத்தில் பூவை வைத்துப் பார்த்த பிறகே நிறத்தை முடிவு செய்யுங்கள். ஹையசிந்தின் மணம் மூடிய அறையில் சிலருக்குத் தலைவலி தரும் என்பதால், சாப்பாட்டு மேசையில் அதைத் தவிர்க்கலாம்.

ஐந்தாம் படி: ஒத்திகை

பூ சந்தைக்கு வந்ததும் ஒரு சிறு கட்டு வாங்கி, தண்ணீரில் ஊறவைத்துக் கைப்பூங்கொத்தாகக் கட்டுங்கள். விழா எத்தனை மணி நேரம் நடக்குமோ அத்தனை மணி நேரம் அதைத் தண்ணீரின்றி மேசைமேல் விட்டுவிடுங்கள். எந்தப் பூ முதலில் தலை கவிழ்கிறதோ, அதன் பெயரைத் தயங்காமல் அடித்துவிடலாம்.

ஆறாம் படி: வாங்குதலும் பதப்படுத்தலும்

பெரும்பாலான பூக்களைத் திருமணத்திற்கு இரண்டு நாள் முன்பும், மொட்டாக இருக்கும் பியோனியை இன்னும் ஓரிரு நாள் முன்பும் வாங்கலாம். வாளிகளைச் சோப்பு போட்டுக் கழுவுங்கள். தண்ணீருக்குள் மூழ்கும் இலைகளை அகற்றி, கூர்மையான கத்தியால் தண்டைச் சாய்வாக வெட்டி, குளிர்ந்த இருண்ட அறையில் குறைந்தது சில மணி நேரம் நிறுத்துங்கள். வீட்டுக் குளிர்சாதனப் பெட்டி வேண்டாம். அதில் வைத்திருக்கும் பழுத்த பழங்கள் வெளிவிடும் எத்திலீன் வாயு ஸ்வீட் பீ போன்ற பூக்களை விரைவில் உதிரச் செய்யும்.

கைப்பூங்கொத்தை முந்தைய நாள் மாலையோ அன்று காலையோ கட்டி, தண்டுகள் மட்டும் நனையும்படி ஒரு குவளையில் வையுங்கள். மணமகளிடம் கொடுப்பதற்குச் சற்று முன் வெளியே எடுத்துத் தண்டுகளை நன்றாகத் துடைத்து, அதன் பிறகே நாடாவைச் சுற்றுங்கள். ஈரத் தண்டின்மேல் சுற்றிய நாடா உடையில் கறை ஏற்படுத்தும்.