வரிசையை விட்டால்தான் ரேடியோ எழுத்துகள் மனதில் நிற்கும்

ரேடியோவில் ஆங்கில எழுத்துகள் தவறாகக் கேட்காமலிருக்க ஒவ்வொன்றையும் ஒரு சொல்லாகச் சொல்வார்கள்: A என்றால் ஆல்ஃபா, B என்றால் பிராவோ. ஆல்ஃபா, பிராவோ, சார்லி என்று ஆரம்பித்து ஜூலு வரை ஒரே மூச்சில் ஒப்பிக்க எனக்கு வந்துவிட்டது. ஆனால் திடீரென்று 'கியூ' என்றால் கெபெக் வாயில் வராது. மனதுக்குள் முதலிலிருந்து ஓடி வர வேண்டும். வாக்கி டாக்கியில் எதிராளி காத்திருக்கும்போது அதற்கு ஏது நேரம்?

எனக்குக் கைகொடுத்தது நம்பர் பிளேட். காட்பாடி ரயில்வே மேம்பாலத்தில் நெரிசல் என்றால் வண்டிகள் ஊர்ந்துதான் போகும். பஸ் ஜன்னலோரம் உட்கார்ந்து முன்னால் நிற்கும் வண்டியை முணுமுணுப்பேன்: 'டேங்கோ நவம்பர் டூ த்ரீ' (TN 23). வேலூர் வண்டிகள் இப்படியே தொடங்குவதால் இது சீக்கிரம் பழகிவிடும். அடுத்து வரும் எழுத்துகள்தான் உண்மையான பயிற்சி. சித்தூர் பக்கத்து லாரி வந்தால் 'ஆல்ஃபா பாப்பா' (AP).

வீட்டில் ஊர்ப்பெயர்கள். ஆற்காடு (Arcot) என்றால் ஆல்ஃபா, ரோமியோ, சார்லி, ஆஸ்கர், டேங்கோ. தம்பி ஃபேனை முழு வேகத்தில் வைத்துவிட்டு அடுத்த அறையிலிருந்து சொல்வான், நான் எழுத்தை மட்டும் எழுதுவேன். சொல்வதைவிடக் கேட்டு எழுதுவதுதான் கடினம். அதை யாரும் விடக்கூடாது.

உச்சரிப்பையும் கூடவே பழகுங்கள். 'பாப்பா'வில் அழுத்தம் இரண்டாவது அசையில். இரைச்சலில் ஃபைவும் நைனும் ஒன்றுபோலக் கேட்கும். அதனால் ஒன்பதை 'நைனர்' என்பார்கள். 1956 முதல் உலகமெங்கும் விமானப் போக்குவரத்தில் இதே பட்டியல்தான். நம் நாட்டு ஹாம்களின், அதாவது பொழுதுபோக்காக ரேடியோவில் பேசுபவர்களின், அழைப்புக்குறிகள் பலவும் 'விக்டர் யூனிஃபார்ம்' (VU) என்றுதான் தொடங்கும், அந்த இரண்டையும் முதலில் நாக்கில் ஏற்றிக்கொள்ளுங்கள்.