உங்கள் ஆய்வுக் கட்டுரையை எல்லோரும் இலவசமாகப் படிக்கும்படி வெளியிடுவது எப்படி?

இரவுப் பணிக்கு நடுவில் திரட்டிய தரவு, பணம் கட்டினால்தான் திறக்கும் பக்கத்தில் போய் முடங்கிவிட்டால், அது தேவைப்படுகிற இன்னொரு செவிலியர் கையில் கிடைக்கவே கிடைக்காது. அதனால் எழுத உட்காரும்போதே இதழை முடிவு செய்யுங்கள். யாரும் இலவசமாகப் படிக்கக்கூடிய திறந்த இதழ்களைத் தரம் பார்த்துச் சேர்க்கும் இணையப் பட்டியலான டிஓஏஜே-யில் (DOAJ) அதன் பெயரைத் தேடிப் பாருங்கள். "சில நாட்களில் வெளியிடுகிறோம்" என்று முன்பின் தெரியாத இதழிலிருந்து மின்னஞ்சல் வந்தால் பதிலே போடாதீர்கள், ஒழுங்கான மதிப்பாய்வுக்கு வாரக்கணக்கில் ஆகும்.

எல்லாத் திறந்த இதழ்களும் எழுதியவரிடம் கட்டணம் கேட்பதில்லை. கேட்டால், விலக்கு உண்டா என்று கட்டுரையை அனுப்பும் முன்பே விசாரியுங்கள்.

சரி, சந்தா இதழில்தான் போட வேண்டியிருக்கிறதா? அதற்கும் வழி இருக்கிறது. ஏற்கப்பட்ட பிரதியை, அதாவது மதிப்பாய்வுத் திருத்தங்கள் எல்லாம் முடிந்து, இதழின் வடிவமைப்பு இன்னும் ஏறாத அந்த வேர்ட் கோப்பை, உங்கள் நிறுவனத்தின் களஞ்சியத்தில், அதாவது கட்டுரைகளைச் சேமித்து எல்லோரும் படிக்கத் திறந்து வைக்கும் இணையதளத்தில், ஏற்றப் பல இதழ்கள் அனுமதிக்கின்றன. சில இதழ்கள் 6 அல்லது 12 மாதம் காத்திருக்கச் சொல்லும். அந்தக் கோப்பைத் தொலைத்துவிட்டுப் பிறகு தேடுகிறவர்கள் நிறைய, தனிப் பெயர் வைத்துப் பத்திரப்படுத்துங்கள்.

கட்டுரையைப் பிறர் எப்படிப் பயன்படுத்தலாம் என்று சொல்லும் உரிமங்களில் எதைத் தேர்ந்தெடுப்பது என்று கேட்டால், நான் சிசி பை (CC BY) என்றுதான் சொல்வேன். அதன்படி உங்கள் பெயரைக் குறிப்பிட்டு யாரும் பகிரலாம், மொழிபெயர்க்கலாம்.

அப்புறம், நோயாளியின் ஒப்புதல். படமோ நோய் விவரமோ இணையத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி இருக்கும் என்பதை அவரிடம் விளக்கிச் சொல்லி, அவருக்குப் புரிந்த பிறகே கையெழுத்து வாங்குங்கள்.