மேசை மேல் இருக்கும் கணினிக்கு ஃபைல் அனுப்ப இன்டர்நெட் எதற்கு?

வியாசர்பாடி மைதானத்தில் நடந்த கால்பந்து ஆட்டத்தை ஒருவர் போனில் முழுதாகப் படம் பிடித்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வீடியோ 3 ஜிபி. அதை எடிட் செய்ய வேண்டிய லேப்டாப் அதே மேசையில் இரண்டு முழம் தள்ளி இருக்கிறது. நம்மில் பலர் உடனே வாட்ஸ்அப்பைத்தான் திறப்போம். வீடியோவாக அனுப்பினால் தரம் குறைந்துவிடும். டாக்குமென்ட்டாக அனுப்பலாம் என்றால் 2 ஜிபிதான் எல்லை. கூகுள் டிரைவில் ஏற்றி இறக்கினால் போக 3, வர 3, ஆக 6 ஜிபி டேட்டா காலி. புளூடூத்தோ 1 ஜிபிக்கே ஒரு மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொள்ளும்.

இரண்டு கருவிகளும் ஒரே வைஃபையில் இருந்தால் இந்த அலைச்சல் எதுவும் வேண்டாம். வீட்டு ரூட்டர் இன்டர்நெட்டைக் கொண்டுவருவதோடு, வீட்டுக்குள் இருக்கும் கருவிகளுக்கு இடையிலும் தகவலைக் கடத்தும். அப்படிக் கடத்துவதற்கு வெளி இணைப்பு தேவையே இல்லை. கேபிள் அறுந்து கிடந்தாலும் ஃபைல் போகும், டேட்டாவும் செலவாகாது.

<b>எந்தச் செயலி?</b>

ஐபோனிலிருந்து ஐபோனுக்கோ மேக்குக்கோ என்றால் ஏர்டிராப் போதும். ஆண்ட்ராய்டிலிருந்து ஆண்ட்ராய்டுக்கு குயிக் ஷேர். முன்பு நியர்பை ஷேர் என்று இருந்ததுதான், 2024-இல் பெயர் மாறியது. விண்டோஸுக்கும் அது கிடைக்கிறது. ஆனால் நம் வீடுகளில் எல்லாம் கலந்துதான் இருக்கும்: அப்பாவிடம் ஆண்ட்ராய்டு, அக்காவிடம் ஐபோன், மூலையில் ஒரு பழைய விண்டோஸ் கணினி. அதனால் தொடக்கநிலையில் இருப்பவர்களுக்கு நான் சொல்வது லோக்கல்சென்ட். எல்லாவற்றிலும் ஓடும், இலவசம், விளம்பரம் இல்லை, கணக்குத் தொடங்கச் சொல்லாது, அதன் மூலநிரலையும் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

ஷேர்இட், ஜென்டர் (Xender) போன்ற ஃபைல் அனுப்பும் செயலிகளை இன்னும் தேடுபவர்கள் இருக்கிறார்கள். 2020 ஜூனில் மத்திய அரசு தடை செய்த 59 செயலிகளில் அவை இரண்டும் உண்டு. ஏதோ ஒரு தளத்திலிருந்து அவற்றின் ஏபிகே ஃபைலை (ஆண்ட்ராய்டு செயலியை நிறுவும் ஃபைல்) இறக்கி நிறுவாதீர்கள். அதற்குள் வேறு என்ன ஒட்டிக்கொண்டு வரும் என்று யாராலும் சொல்ல முடியாது.

<b>படி 1: நிறுவுதல்</b>

போனில் பிளே ஸ்டோர் அல்லது ஆப் ஸ்டோரில் லோக்கல்சென்ட் என்று தேடி நிறுவுங்கள். கணினிக்கு லோக்கல்சென்ட் டாட் ஓஆர்ஜி என்ற அதன் சொந்தத் தளத்திலிருந்து இறக்குங்கள். விண்டோஸில் முதல் முறை திறக்கும்போது ஃபயர்வால் (வெளியிலிருந்து வரும் இணைப்புகளைத் தடுக்கும் காவல்) அனுமதி கேட்கும், 'அலவ்' கொடுங்கள். ஐபோனில் 'லோக்கல் நெட்வொர்க்' அனுமதி கேட்கும். அதையும் கொடுத்தாக வேண்டும். அவசரத்தில் 'டோன்ட் அலவ்' தட்டியிருந்தால் செட்டிங்ஸ் போய்ச் செயலியின் பெயரைத் தேடி மாற்றிக்கொள்ளலாம்.

<b>படி 2: ஒரே வைஃபை</b>

போனையும் கணினியையும் ஒரே வைஃபையில் இணையுங்கள். ரூட்டரில் 'கெஸ்ட்' என்று தனிப் பெயர் இருந்தால் அதைத் தவிர்த்துவிடுங்கள். விருந்தாளிக் கருவிகள் ஒன்றையொன்று பார்க்கக் கூடாது என்பதற்காகவே பெரும்பாலும் அது அமைக்கப்பட்டிருக்கும்.

<b>படி 3: அனுப்புதல்</b>

இரண்டிலும் செயலியைத் திறந்து வையுங்கள். ஒவ்வொரு கருவிக்கும் அது தானாகவே ஒரு பழம் அல்லது காய்கறியின் பெயரை அடைமொழியோடு சூட்டிவிடும். சிரிப்பாக இருந்தாலும் வீட்டில் நான்கு கருவி இருந்தால் குழப்பம்தான். செட்டிங்ஸில் 'அம்மா போன்', 'ஹால் கணினி' என்று மாற்றிக்கொள்ளுங்கள். அனுப்பும் போனில் 'சென்ட்' பகுதிக்குப் போய் வீடியோவைத் தேர்ந்தெடுத்தால், கீழே கணினியின் பெயர் தெரியும். அதைத் தட்டுங்கள். கணினியில் 'அக்செப்ட்' அழுத்துங்கள். அவ்வளவுதான். வந்த ஃபைல் வழக்கமாக டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் இருக்கும். ஐபோனிலிருந்து பெரிய ஃபைல் போகும்போது மட்டும் வேறு செயலிக்குத் தாவாமல் அதே திரையில் இருங்கள். பின்னணிக்குப் போனால் பாதியில் நின்றுவிடக்கூடும்.

<b>பெயரே தெரியவில்லையா?</b>

பலர் சிக்குவது இங்கேதான். பெரும்பாலும் குற்றவாளி விண்டோஸ். புதிய வைஃபையில் இணையும்போது அது அந்த இணைப்பைப் 'பப்ளிக்' என்று எடுத்துக்கொள்கிறது. ரயில் நிலைய வைஃபையில் உட்கார்ந்திருப்பதாக நினைத்து அக்கம்பக்கத்துக் கருவிகளிடமிருந்து ஒளிந்துகொள்கிறது. செட்டிங்ஸ், நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட், வைஃபை, உங்கள் இணைப்பின் பிராப்பர்ட்டீஸ் என்று வரிசையாகப் போய் 'பிரைவேட்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். சொந்த வீட்டு வைஃபைக்கு மட்டும் இதைச் செய்யுங்கள்.

அதன் பிறகும் தெரியாவிட்டால் இரண்டு கருவிகளிலும் விபிஎன் (இணைப்பை வேறு வழியாகத் திருப்பிவிடும் செயலி) ஓடுகிறதா என்று பார்த்து நிறுத்துங்கள். தனியாக ஆன்டிவைரஸ் போட்டிருந்தால் அதற்குள்ளும் ஒரு ஃபயர்வால் இருக்கலாம். லினக்ஸில் ஃபயர்வால் போட்டிருப்பவர்கள் அதில் 53317 என்ற போர்ட்டை (இணைப்பு நுழையும் வாசல்) டிசிபி, யுடிபி என்ற இரண்டு வகை இணைப்புக்கும் திறந்துவிட வேண்டும்.

பெயர் தெரிகிறது, ஆனால் வேகம் ஆமைதானா? ராயபுரம், பழைய வண்ணாரப்பேட்டை போன்ற இடங்களில் சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள். வைஃபை பட்டியலைத் திறந்தால் தெருவே வரிசையில் நிற்கும். வைஃபையின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என்று மூன்றுதான். அத்தனை ரூட்டர்களும் அந்த மூன்றுக்குள் முட்டி மோத வேண்டும். ரூட்டரில் 5 கிகாஹெர்ட்ஸ் இருந்தால் இரண்டு கருவிகளையும் அதற்கு மாற்றுங்கள். சுவரைத் தாண்டும் சக்தி அதற்குக் குறைவு, ஆகவே ரூட்டர் இருக்கும் அறையிலேயே உட்கார்ந்து அனுப்புவது நல்லது.

<b>வீட்டில் வைஃபையே இல்லையென்றால்</b>

ஆண்ட்ராய்டு போனில் மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு ஹாட்ஸ்பாட்டைப் போடுங்கள். லேப்டாப்பை அதில் இணையுங்கள். 'நோ இன்டர்நெட்' என்று விண்டோஸ் புலம்பும், கண்டுகொள்ளாதீர்கள். டேட்டாவை அணைக்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது: இணைப்பு கிடைத்ததும் விண்டோஸ் பின்னணியில் அப்டேட்டை இறக்கத் தொடங்கினால், அன்றைய 1.5 ஜிபி ஒரே மூச்சில் போய்விடும். இந்த முறை மின்வெட்டிலும், கும்மிடிப்பூண்டி ரயிலில் போகும்போதும்கூட வேலை செய்யும்.

ஹாட்ஸ்பாட் கொடுக்கும் சில போன்களில் கணினியின் பெயர் தானாகத் தோன்றாது. அப்போது கணினியின் 'ரிசீவ்' திரையில் மேலே இருக்கும் தகவல் குறியை அழுத்தி ஐபி முகவரியை (அந்த வைஃபையில் கணினிக்குக் கிடைத்த எண்) பாருங்கள். போனின் 'சென்ட்' திரையில் முகவரியைக் கையால் தட்டச்சு செய்யும் வசதி இருக்கிறது.

<b>ஜெராக்ஸ் கடையில்</b>

ஆதார் பிரின்ட் எடுக்கப் போனால், "இந்த நம்பருக்கு வாட்ஸ்அப் பண்ணுங்கள்" என்பதுதான் எங்கும் வழக்கம். உங்கள் எண்ணும் ஆதாரும் சேர்ந்தே கடைக்காரரின் போனில் தங்கிவிடுகின்றன. கடையில் வைஃபையும் லோக்கல்சென்ட்டும் இருந்தால் எண்ணையாவது கொடுக்காமல் தப்பலாம். கடைக் கணினியில் எதையும் நிறுவ முடியாவிட்டாலும், உங்கள் போன் அதே வைஃபையில் இருந்தால் 'ஷேர் வயா லிங்க்' மூலம் பிரவுசரிலேயே ஃபைலை இறக்கிக்கொள்ளலாம். ஆனால் இறக்கிய ஃபைல் அந்தக் கணினியில் இருக்கத்தான் செய்யும். "அண்ணா, பிரின்ட் வந்ததும் அழித்துவிடுங்கள், ரீசைக்கிள் பின்னிலிருந்தும்" என்று பக்கத்தில் நின்று கேட்பதைத் தவிர அதற்கு வேறு வழி இல்லை.

உங்கள் பக்கத்தில், 'குயிக் சேவ்' வசதியை அணைத்தே வையுங்கள். அது போடப்பட்டிருந்தால், அதே வைஃபையில் இருக்கும் யார் எதை அனுப்பினாலும் உங்களைக் கேட்காமலேயே போனுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும்.