முப்பதைத் தாண்டியவர்களுக்குக் கொரிய க்ரீம்

பத்துப் படிநிலைக் கொரிய அழகுமுறை என்று வீடியோக்களில் காட்டுவதைப் பார்த்து மிரள வேண்டாம். சியோலிலேயே பலர் காலையில் மூன்று நான்கோடு முடித்துக்கொள்கிறார்கள். முப்பதுக்கு மேல் எண்ணிக்கையைவிடப் பெட்டியின் பின்பக்கம்தான் முக்கியம்.

சுருக்கத்தைக் குறைக்கும், நிறத்தைச் சீராக்கும் என்று கொரியாவில் ஒரு க்ரீமை விற்க வேண்டுமானால், 'செயல்பாட்டு அழகுப்பொருள்' என்ற பிரிவின் விதிகளுக்குள் அது வர வேண்டும். அங்கே சுருக்கத்துக்கு அடினோசின் 0.04 சதவீதம், நிறத்துக்கு நியாசினமைடு 2 முதல் 5 சதவீதம் என்று அளவே வரையறுத்திருக்கிறார்கள். கொரிய க்ரீம்களில் சேர்க்கும் நத்தைச் சாறு, அதாவது நத்தையின் வழவழப்பான சுரப்பு, ஈரப்பதத்துக்கு நல்லதுதான். சுருக்கத்துக்கு அதை மட்டும் நம்பாதீர்கள்.

சன்ஸ்கிரீன்தான் பெரிய செலவுக்குரியது. பெட்டியில் எஸ்பிஎஃப் 50+ (தோலைச் சுடும் வெயில் கதிரைத் தடுக்கும் அளவு), கூடவே பிஏ (தோலை முதுமையாக்கும் கதிரைத் தடுக்கும் அளவு) என்ற எழுத்துகளுக்குப் பின் நான்கு கூட்டல் குறிகள் இருக்கிறதா பாருங்கள். ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் பிதுக்கினால் முகத்துக்கும் கழுத்துக்கும் ஆகும். கழுத்தை விட்டுவிடுகிறோம், வயசு அங்கேயும்தான் தெரிகிறது!

சுருக்கத்துக்குப் பூசும் வைட்டமின் ஏ வகையான ரெட்டினால் உங்களுக்குப் புதிது என்றால் இரவில் பட்டாணி அளவு, வாரம் இரண்டு நாள் போதும். கர்ப்பிணிகள் தொடவே வேண்டாம்.

அப்புறம், கொரியப் பெட்டியில் ஆண்டுதான் முதலில் வரும். அது தயாரித்த தேதியாகவும் இருக்கலாம், காலாவதித் தேதியாகவும் இருக்கலாம். பக்கத்திலிருக்கும் கொரிய எழுத்தைப் போன் கேமராவில் மொழிபெயர்த்துப் பார்த்துவிட்டுப் பெட்டியைத் திறங்கள்.