சிமெண்ட் குழைப்பதற்கு முன் நாற்காலியைக் கொண்டு வாருங்கள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டைச் சுற்றியுள்ள தோட்டங்களில் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் கொத்து வேலை செய்தவன் நான். தோட்டத் தொழிலாளர்களின் லய வீடுகளுக்குச் சமையற்கட்டு நீட்டியிருக்கிறேன், கோயில் மதில் எழுப்பியிருக்கிறேன், ஒரு மண்டபத்துக்கு வாசற்படியும் கட்டியிருக்கிறேன். மூன்று படிகள், ஒவ்வொன்றும் பதினைந்து சென்டிமீட்டர். பால்மரம் சீவி எங்களை வளர்த்த அம்மாவுக்குச் சர்க்கரை நோயால் வலக்காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அதன் பிறகு வந்த முதல் கல்யாணம் அந்த மண்டபத்தில்தான். நான்கு பையன்கள் அம்மாவைச் சக்கர நாற்காலியோடு தூக்கி ஏற்றினார்கள். முந்தானையை இறுகப் பிடித்துக்கொண்டு அம்மா கண்ணை மூடிக்கொண்டார். வீட்டுக்கு வந்ததும், "உர மூட்டை மாதிரி என்னை இனிமேல் தூக்க வேண்டாம், ஐயா" என்றார். அடுத்த இரண்டு விசேஷங்களுக்கு வரவில்லை.

அதே வாசலுக்குப் பின்னர் நானே சாய்தளம் போட்டேன், படிக்குப் பதில் சக்கர நாற்காலி ஏறி இறங்கும் சரிவுப் பாதை. தங்கள் வீட்டுக்கோ கோயிலுக்கோ போட நினைப்பவர்களுக்காக, அதை எப்படிச் செய்தேன் என்று எழுதுகிறேன்.

முதலில் தரைக்கும் வாசலுக்கும் உள்ள உயர வித்தியாசத்தை அளவெடுங்கள். தண்ணீர் நிரப்பிய ஒளி ஊடுருவும் குழாய் போதும். இரு முனையிலும் நீர்மட்டத்தைக் குறித்தால் கணக்குத் தவறாது. அந்த உயரத்தைப் பன்னிரண்டால் பெருக்குங்கள். ஒன்றுக்குப் பன்னிரண்டு என்பதுதான் பரவலாக ஏற்கப்பட்ட சரிவு; இடம் இருந்தால் இன்னும் தாழ்வாகப் போடுவது நல்லது. எங்கள் மூன்று படிகள் நாற்பத்தைந்து சென்டிமீட்டர் உயரம். எனவே சாய்தளம் 5.4 மீட்டர் நீளம் வேண்டும். இதைக் கேட்டதும் எல்லோரும் மலைக்கிறார்கள். தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டு வாசல்களில் மோட்டார் சைக்கிள் ஏற்றுவதற்காகக் குவிக்கும் சிமெண்ட் மேட்டைக் காட்டி, "இது போதாதா?" என்கிறார்கள். போதாது. அந்த மேட்டில் சக்கர நாற்காலியைத் தள்ளினால் உட்கார்ந்திருப்பவர் பின்னால் சாய்வார்; தள்ளுகிறவருக்கும் பிடி நழுவும்.

மண்டபத்துக்கு முன்னால் கால்வாய் வரை நான்கு மீட்டர்தான் இருந்தது. ஆகவே சுவரோரமாக வளைத்தேன். வளைகிற இடத்தில் ஒன்றரை மீட்டர் சதுரமாகச் சமதளம் விட்டேன், நாற்காலி திரும்புவதற்கு. கதவுக்கு முன்னாலும் அதே அளவு சமதளம் கட்டாயம் வேண்டும். சரிவு நேராகக் கதவில் முடிந்தால், கைப்பிடியைத் திருக ஒரு கையை எடுத்த நொடியே நாற்காலி பின்னோக்கி உருளும். அகலம் 1.2 மீட்டர் வைத்தேன்.

இந்த அளவுகளோடு உடனே கான்கிரீட் ஊற்றியிருப்பேன். என் பேத்திதான், "பாட்டியைக் கேட்டீர்களா, தாத்தா?" என்றாள். செங்கற்களை அடுக்கி, அதே சரிவில் பலகை போட்டு, அம்மாவை அழைத்து வந்தேன். ஏறும்போது நன்றாக ஏறினார். இறங்கும்போதுதான் தெரிந்தது, அவருடைய இடக்கையில் வலுவில்லை. நானோ சுவர்ப் பக்கம் ஒரே ஒரு கைப்பிடி போடத் திட்டமிட்டிருந்தேன். இறங்கும்போது அது அம்மாவின் இடப்பக்கம். பலகை வைத்துப் பார்த்திராவிட்டால், கான்கிரீட் இறுகிய பிறகுதான் இது எனக்குத் தெரிந்திருக்கும். நாடாவால் அகலத்தை அளக்கலாம், கையின் வலுவை அளக்க முடியாது. அதனால்தான் சொல்கிறேன், பயன்படுத்தப் போகிறவரை முதலில் அழைத்து வாருங்கள். முடிந்தால் இரண்டு மூன்று பேரை. கைப்பிடியை இரு பக்கமும், சாய்தளத்தின் பரப்பிலிருந்து தொண்ணூறு சென்டிமீட்டர் உயரத்தில் போட்டு, சரிவு முடிந்த பிறகும் முப்பது சென்டிமீட்டர் நீட்டினேன்.

கான்கிரீட் கலவை ஒரு பங்கு சிமெண்ட், இரண்டு பங்கு மணல், நான்கு பங்கு ஜல்லி. அடியில் கம்பி வலை. ஓரங்களில் பத்து சென்டிமீட்டர் உயரத்தில் வரம்பு கட்டுங்கள், சக்கரம் வெளியே இறங்காது. வரம்பின் அடியில் நீர் வடியத் துளைகள் விட மறக்காதீர்கள். நம் ஊர் மழைக்குச் சாய்தளம் வாய்க்காலாகிவிடும். மீந்த பளபளப்பான ஓடுகளை ஒட்டச் சொல்வார்கள், விடவே விடாதீர்கள். கான்கிரீட் பாதி இறுகும்போது செம்பனை ஈர்க்குத் துடைப்பத்தால் குறுக்குவாட்டில் கீறுங்கள். அந்தச் சொரசொரப்புதான் சக்கரத்துக்குப் பிடிப்பு. ஏழு நாள் ஈரச் சாக்கு போட்டு வையுங்கள். கால்வாய் மேல் இரும்பு மூடி வருமானால், அதன் கம்பிகள் நடைக்குக் குறுக்கே ஓட வேண்டும். நாற்காலியின் முன் சக்கரம் சின்னது. நெடுக்காக ஓடும் இடுக்கில் சிக்கினால் ஆள் முன்னால் விழுவார். சாலையோரக் கால்வாயைத் தொடுமுன் நகராண்மைக் கழகத்தில் அனுமதி கேளுங்கள்.

சாய்தளத்தைப் பின்பக்கம், சமையல் கொட்டகை வழியாகப் போடலாம் என்று மண்டபத்தில் சிலர் சொன்னார்கள். "எத்தனை பேர் வரப் போகிறார்கள்?" என்றும் கேட்டார்கள். படி இருந்ததால்தானே வரவில்லை! மலேசியாவின் 2008ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டம், 685ஆவது சட்டம், பொது இடங்களை மற்றவர்களுக்குச் சமமாகப் பயன்படுத்தும் உரிமையை அவர்களுக்குத் தருகிறது. பின்வாசல் சமம் ஆகாது. அனைவருக்குமான வடிவமைப்பு என்ற கருத்துக்குப் பெயர் கொடுத்த அமெரிக்கக் கட்டடக் கலைஞர் ரொனால்ட் மேஸ், சிறு வயதில் போலியோ தாக்கி சக்கர நாற்காலியில் வாழ்ந்தவர். எல்லோரும் புழங்குகிற வழியே எல்லோருக்கும் பொருந்த வேண்டும் என்பதுதான் அந்தக் கருத்து. இன்று எங்கள் வாசலில் அது கண்முன் நடக்கிறது. சாப்பாட்டு அண்டாவைத் தள்ளுவண்டியில் ஏற்றுகிறார்கள், குழந்தை வண்டி ஏறுகிறது. செம்பனைக் குலை வெட்டி முழங்கால் தேய்ந்த அண்ணன்மார் படியைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

கழிப்பறைக்கு இரண்டு விஷயங்கள். கதவு வெளிப்பக்கம் திறக்கட்டும். உள்ளே ஒருவர் விழுந்துவிட்டால், உட்பக்கம் திறக்கும் கதவை அவர் உடலே அடைத்துக்கொள்ளும். பிடிகம்பியைச் செங்கல் சுவரில் ஆழமாகப் போல்ட் போட்டு இறுக்குங்கள். துண்டு தொங்கவிடும் கம்பி ஓர் ஆளின் பாரத்தைத் தாங்காது.

செய்ததை ஊருக்குச் சொல்லவும் வேண்டும். அழைப்பிதழில் "முன்வாசலில் சாய்தளம் உண்டு" என்று ஒரு வரி அச்சிடுங்கள். வாட்சாப்பில் அழைப்பிதழின் படத்தை மட்டும் அனுப்பாமல், நாள், நேரம், இடத்தைத் தட்டச்சு செய்தும் அனுப்புங்கள். எங்கள் வீட்டு வரிசையில் பார்வையற்ற அண்ணன் ஒருவர் இருக்கிறார். அவருடைய கைப்பேசி தட்டச்சு செய்த தமிழை வாசித்துக் காட்டும். படத்துக்குள் உள்ள எழுத்தைப் பெரும்பாலும் வாசிக்காது. காது கேளாதவருக்குக் குரல் பதிவால் பயனில்லை, அவருக்கும் எழுத்துதான் வேண்டும்.

கட்டி முடித்ததோடு வேலை முடியவில்லை. திருவிழா நாளில் சாய்தளத்தின் அடியில் செருப்பு குவியும், மோட்டார் சைக்கிள் வந்து நிற்கும். அடியில் மஞ்சள் கோடு போட்டு, செருப்புக்கு வேறு பக்கம் தட்டு வைத்தோம். மழை மாதங்களில் பாசி படியும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நானும் பேத்தியும் போய்த் தேய்த்துக் கழுவுகிறோம். அம்மா மேலே சமதளத்தில் உட்கார்ந்து, எந்த மூலையில் இன்னும் வழுக்கும் என்று விரலால் காட்டுகிறார்.