ஒன்ராறியோ உணவகங்களில் டிப்ஸ்: எவ்வளவு, எந்தத் தொகைக்கு?

இலங்கையில் ஓரளவு வசதியான உணவகங்களில் பத்து வீத சேவைக் கட்டணத்தைப் பில்லிலேயே சேர்த்துவிடுவார்கள். அதற்கு மேல் கொடுப்பதைச் "சந்தோசம்" என்போம். கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் அந்தக் கட்டணம் பெரும்பாலும் பில்லில் இருக்காது. சட்டமும் டிப்ஸைக் கட்டாயப்படுத்தவில்லை. ஆனாலும் மேசைக்கு வந்து பரிமாறும் உணவகத்தில் ஒன்றும் வைக்காமல் எழுந்து போனால், பரிமாறியவர் தான் என்ன பிழை விட்டேன் என்று யோசிப்பார்.

வரிக்கு முந்திய தொகையில் 15 வீதம் கொடுத்தால் எவரும் குறை சொல்ல மாட்டார்கள். நன்றாகக் கவனித்தவருக்கு 18 அல்லது 20 கொடுக்கலாம். இதற்குக் கணிப்பான் தேவையில்லை. பில்லின் அடியில் 13 வீத விற்பனை வரி (எச்.எஸ்.டி.) எவ்வளவு என்று அச்சிட்டிருக்கும். அதைவிடச் சற்றுக் கூட்டி வைத்தால் 15 வீதத்துக்குக் கிட்ட வந்துவிடும். 60 டொலருக்குச் சாப்பிட்டால் வரி 7.80, 9 டொலர் வைத்தால் கணக்குச் சரி.

கவனிக்க வேண்டியது கார்ட் மெஷினைத்தான். அது பெரும்பாலும் வரியும் சேர்ந்த 67.80 டொலருக்கே வீதம் போடும்; 18 என்ற பொத்தானை அழுத்தினால் 10.80 அல்ல, 12.20 டொலர் போகும். திரையில் 18, 20, 25 என்று மட்டும் காட்டினாலும், வேறு தொகையை நாமே இடுவதற்கு ஒரு மூலையில் வழி இருக்கும். அதில் வீதமா டொலரா என்று பார்த்து இட வேண்டும். வந்த புதிதில், 14 டொலர் கொத்து ரொட்டிப் பொதிக்குப் பத்து வீதம் என்று எண்ணிப் பத்து டொலரை அழுத்திவிட்டு, வீட்டுக்கு வந்து ரசீதைப் பார்த்துத் திகைத்தவன் நான். அந்தப் பொதிக்கு டிப்ஸே தேவையிருக்கவில்லை: நாமே போய் எடுத்துவரும் சாப்பாட்டுக்கு மெஷின் கேட்டாலும், தயங்காமல் மறுத்துவிடலாம்.

பிறந்தநாளுக்கு எட்டுப் பத்துப் பேராகப் போகும்போது, பில்லில் "கிராட்டுவிட்டி" என்று டிப்ஸை ஏற்கெனவே சேர்த்திருக்கிறார்களா என்று பாருங்கள். இருந்தால் மேலதிகமாக ஒன்றும் வைக்க வேண்டியதில்லை.

பரிமாறுபவருக்குச் சம்பளமே குறைவு என்று சொல்லக் கேட்பீர்கள். இங்கே மது பரிமாறுபவர்களுக்கெனக் குறைந்த அடிப்படைச் சம்பளம் ஒன்று தனியாக இருந்தது உண்மை. 2022 ஜனவரி 1 முதல் அது நீக்கப்பட்டு, அவர்களுக்கும் பொதுவான அடிப்படைச் சம்பளமே வழங்கப்படுகிறது. எல்லை தாண்டி அமெரிக்காவுக்குப் போனால் கதை வேறு. டிப்ஸ் பெறும் ஊழியருக்கு முதலாளி நேரடியாகக் கொடுக்க வேண்டிய கூலி, அந்நாட்டுக் கூட்டாட்சிச் சட்டப்படி, 1991 முதல் மணிக்குக் குறைந்தது 2.13 டொலர்தான். பல மாநிலங்கள் அதைவிடக் கூடுதலாக நிர்ணயித்திருந்தாலும், அமெரிக்காவில் 18 முதல் 20 வீதம் கொடுப்பதே முறை.

உங்கள் முதல் வேலையே உணவகத்தில் அமைந்தால், இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். ஊழியர்களின் டிப்ஸைச் சமையலறையில் நிற்பவர்கள் உட்பட எல்லோருக்குமாகப் பங்கிடும்படி முதலாளி சொல்லலாம். ஆனால் உடைந்த தட்டுக்கோ, பணம் கொடுக்காமல் போன வாடிக்கையாளருக்கோ ஈடாக அதிலிருந்து ஒரு சதமேனும் கழிப்பதற்கு ஒன்ராறியோவின் தொழிற்சட்டம் 2016 முதல் இடம் கொடுப்பதில்லை.