8 பேர், ஒரு பஞ்சர் டியூப்: ஆண்கள் குழு தொடங்கும் முறை

பாலக்காட்டு எல்லையோரம் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களில் பெண்களுக்குக் குடும்பஸ்ரீ அயல்கூட்டம் இருக்கிறது. கேரள அரசு 1998இல் தொடங்கிய பெண்கள் சுயஉதவிக் குழு ஏற்பாடு. சீட்டுக் கணக்கோடு வீட்டுக் கவலையும் அங்கே இறங்கும். ஆண்களுக்கு டீக்கடை பெஞ்சு, இல்லாவிட்டால் கள்ளுக்கடை. அங்கே "ராத்திரி தூக்கமே வரமாட்டேங்குது" என்று ஒருத்தர் சொன்னால், "இன்னொரு குப்பி சேத்துப் போடு" என்பதுதான் பதில். 2022இல் நம் நாட்டில் தற்கொலை செய்துகொண்ட 1,70,924 பேரில் ஏறக்குறைய 72 சதவீதம் ஆண்கள். இது தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கு.

அதனால் ஆண்களும் மனக்கவலையைச் சொல்ல ஊரிலேயே ஒரு சின்னக் குழு வேண்டும். வாட்ஸாப் குழு தொடங்குவது, நோட்டுப் போடுவது எல்லாம் உங்களுக்குத் தெரியும். நேரே விஷயத்துக்கு வருவோம்.

ஆள் சேர்ப்பது

நடத்த 2 பேர், மொத்தம் 6 முதல் 8 பேர். பத்தைத் தாண்டினால் பேச்சு மேடைப்பேச்சாகிவிடும். நம் ஊரில் எல்லாரும் எல்லாருக்கும் ஏதோ ஒரு முறை ஆகும், அதைத் தவிர்க்க முடியாது. ஆனால் மாமனாரும் மருமகனும் ஒரே குழுவில் வேண்டாம். தோட்டக்காரரும் அவரிடமே கூலிக்குப் போகிறவரும், வரப்புத் தகராறில் இருக்கும் பங்காளிகளும் அப்படித்தான்.

"மனநலக் குழு" என்று நோட்டீஸ் அடிக்காதீர்கள், ஒருத்தர் வரமாட்டார். நேரில் போய், "ஞாயித்துக்கெழம பழைய சைக்கிளெல்லாம் ரிப்பேர் பாக்கறோம், வாங்ணா" என்றால் போதும்.

இடமும் நேரமும்

வாயனசாலை (ஊர் நூலகம்) திண்ணை உத்தமம். கட்சி ஆபீஸ், கோயில் மண்டபம் இரண்டும் வேண்டாம், பாதிப் பேர் வாசலிலேயே நின்றுவிடுவார்கள். கள் இறக்குகிறவர் காலையும் சாயங்காலமும் மரமேற வேண்டும், மாடு வைத்திருப்பவருக்கு மத்தியானம் சாய்ந்தால் கறவை. அதனால் ஞாயிறு காலை 11 முதல் 12.30 வரை வையுங்கள். டீ, வடைக்குத் தலைக்கு 25 ரூபாய், ஒரு டப்பாவில்.

கைக்கு வேலை

நாற்காலியை வட்டமாகப் போட்டு "மனசு விட்டுப் பேசுங்க" என்றால் எல்லாரும் தரையைப் பார்ப்பார்கள். ஆண்களுக்கு எதிரெதிரே உட்கார்ந்து பேச வராது, பக்கத்தில் பக்கத்தில் என்றால் வரும். ஆஸ்திரேலியாவில் 1990களில் கிளம்பிய 'மென்ஸ் ஷெட்' பட்டறைகள் இந்தச் சூட்சுமத்தில்தான் ஓடுகின்றன. அந்தப் பெயரோடு முதல் ஷெட் 1998இல் டொங்காலா என்ற சிற்றூரில் திறந்தது.

என் தேர்வு சைக்கிள் பஞ்சர். டியூபைத் தண்ணீரில் முக்கி, குமிழி வரும் இடத்தைக் கண்டுபிடித்து, உப்புத்தாள் தேய்த்து, சொல்யூஷன் தடவி, அது காயும் வரை 5 நிமிடம் சும்மா இருக்க வேண்டும். பேச்சு பிறப்பது அந்த 5 நிமிடத்தில். கடலைக்காய் உரிப்பது இரண்டாவது. கேரம் பரவாயில்லை. சீட்டுக்கட்டு கூடவே கூடாது, மூன்றாம் வாரம் காசு வந்துவிடும்.

எல்லாரும் சறுக்கும் இடம்

ஒருத்தர் சொல்கிறார்: "பெரியவன் எங்கிட்டப் பேசறதேயில்லீங்க." உடனே நாலு பக்கமிருந்தும் வரும். "மொதல்ல போனப் பிடுங்குங்க." "எங்க மச்சான் பையனும் இப்படித்தான், கோயமுத்தூர் ஹாஸ்டல்ல சேத்தாரு, சரியாயிட்டான்." அவர் "பாக்கலாங்க" என்பார். அடுத்த வாரம் வரமாட்டார். யோசனை சொன்னவர்களுக்கு உதவி செய்த திருப்தி. அவர் காதில் விழுந்ததோ "இதுகூடத் தெரியாதா உனக்கு?" என்பதுதான்.

அதனால் ஒரே சட்டம்: கேட்காமல் யோசனை இல்லை. அந்தத் திண்ணையில் அனுமதி உள்ள ஒரே சொல்யூஷன் டியூபில் தடவுவதுதான். பதிலுக்கு மூன்று வழி இருக்கிறது. "எத்தன நாளா இப்படி இருக்குங்ணா?" என்று கேட்கலாம். அவர் கடைசியாகச் சொன்னதையே திருப்பிச் சொல்லலாம்: "பேசறதேயில்லீங்களா?" தனக்கும் அதுபோல நடந்திருந்தால் இரண்டே வாக்கியத்தில் சொல்லலாம், "அதனால நீங்க" என்று முடிக்காமல். மௌனம் விழுந்தால் மனசுக்குள் பத்து எண்ணுங்கள். பெரும்பாலும் ஏழில் அவரே தொடர்வார். சந்தேகமாக இருந்தால், "யோசன வேணுங்களா, இல்ல சும்மா சொல்றீங்களா?" என்று கேட்டுவிடுங்கள்.

அறிவுரை சொல்லியே பழகியவர் எல்லாக் குழுவிலும் ஒருத்தர் இருப்பார். டீ ஊற்றும் வேலையை அவரிடம் கொடுங்கள்.

இன்னும் இரண்டு கட்டுப்பாடு. இங்கே கேட்டது மனைவியிடம்கூடப் போகக்கூடாது. குழுவுக்குள் கைமாத்து இல்லை: கடன் வாங்கியவர் கொடுத்தவர் முகத்தில் விழிக்க வெட்கப்பட்டு வராமல் போவார், இரண்டு ஆள் குறையும்.

நாலாம் வாரம் கூட்டம் குறையும். வராதவருக்கு அன்று மாலையே போன் போடுங்கள். "ஏன் வர்ல?" வேண்டாம். "உங்க சைக்கிளுக்குச் செயின் போட்டாச்சுங்ணா" போதும்.

உயிர் விஷயம் வந்தால்

"நான் இல்லாட்டி இவங்க நிம்மதியா இருப்பாங்க" என்று காதில் விழுந்தால் சுற்றி வளைக்காதீர்கள். "செத்துப்போகணும்னு தோணுதுங்களா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஆம் என்றால் தனியாக விடாதீர்கள். வீட்டிலோ களத்திலோ இருக்கும் பூச்சி மருந்தை அன்றே வேறு இடத்துக்கு மாற்றுங்கள். ரகசியக் கட்டுப்பாடு இங்கே செல்லாது, இதை முதல் நாளே எல்லாரிடமும் சொல்லி வையுங்கள். மத்திய அரசின் மனநல உதவி எண் டெலிமானஸ் 14416: இலவசம், 24 மணி நேரமும், தமிழிலும் மலையாளத்திலும் பேசலாம். சுகாதார உதவி எண்ணும் உண்டு: கேரளத்தில் திஷா 1056, தமிழ்நாட்டுப் பக்கம் 104.

பூச்சி மருந்தை ஏற்கெனவே குடித்துவிட்டார் என்றால் வாந்தி எடுக்க வைக்காமல் நேரே ஆஸ்பத்திரி, மருந்துக் குப்பியும் கையோடு. போலீஸ் கேஸாகும் என்று மறைப்பவர்களுக்கு: 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டத்தின் 115ஆம் பிரிவு, தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதச் சொல்கிறது, தண்டிக்கச் சொல்லவில்லை.

பிற்சேர்க்கை

பலர் கேட்டது: "குழுவுக்கு வந்த உற்சாகத்துல ஒருத்தர் குடிய ஒரே நாள்ல விட்டுட்டாரு, கைதட்டலாமா?" பொறுங்கள். பல வருஷம் தினமும் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால் முதல் இரண்டு மூன்று நாளில் கை நடுக்கம், வலிப்பு, பிதற்றல் வரலாம், உயிருக்கே ஆபத்து. முதலில் டாக்டர், அப்புறம் நிறுத்தல். மாவட்ட மனநலத் திட்ட டாக்டர் உங்கள் பக்கத்து அரசு ஆஸ்பத்திரிக்கு எந்தக் கிழமை வருகிறார் என்று கேட்டுச் சுவரில் எழுதி வையுங்கள்.

மலையாளம் பேசும் சேட்டன்மார் வந்தால் அவர்கள் மொழியிலேயே பேசட்டும், யாருக்கும் புரியாமல் போகாது. சாவி 2 பேரிடம் இருக்கட்டும். 11 மணிக்குப் பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பியவரை மறுபடி கூட்டிவர ஒரு மாசம் ஆகும்.